ஓதம் வரும் வழி

கோலசிலாங்கூர் கடலோரச் சதுப்பையும் அதை நம்பி வரும் பறவைகளையும் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். சதுப்பை மீட்பது என்றதும் பலர் மனத்தில் முதலில் தோன்றுவது கண்டல் நாற்று நடும் காட்சிதான். முழங்கால் சேற்றில் மாணவர்கள் வரிசையாக நின்று நாற்று ஊன்றுவார்கள்; பின்னால் ஒரு பதாகை இருக்கும். அந்தப் பிள்ளைகளின் உழைப்பையும் நல்லெண்ணத்தையும் மதிக்கிறேன். ஆனாலும் அழிந்த சதுப்பில் முதலில் மீட்க வேண்டியது நீரின் போக்குவரத்தை என்று சொல்லவே வந்திருக்கிறேன். நீர் வந்து போகும் வழி சரியான இடத்தில் மரம் பெரும்பாலும் தானே வந்துவிடுகிறது. அந்த வழி கெட்டுக் கிடக்கும் இடத்தில் நட்ட மரம் நிற்பதில்லை. சில இடங்களில் மரமே நடக் கூடாது. இந்தக் கடைசிக் கூற்று சிலருக்கு உறுத்தலாம். அதனால்தான் சான்றுகளோடு பேச விரும்புகிறேன்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். காப்பாரிலிருந்து ஜெராம், கோலசிலாங்கூர் வழியாக தஞ்சோங் காராங் வரை நீளும் கரை மிகவும் தட்டையானது. கிள்ளான் துறைமுகப் பக்கத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏறி வற்றுவதில் 5 மீட்டர் அளவுக்கு வேறுபாடு உண்டு. தட்டையான கரையில் இவ்வளவு பெரிய ஏற்றவற்றம் நிகழும்போது, நீர் விலகியதும் பரந்த சேற்றுவெளி வெளியே தெரிகிறது. பார்ப்பவருக்கு அது வெறும் சேறு. அதற்குள் புழுவும் நண்டுக்குஞ்சும் மட்டியும் நிறைந்திருக்கின்றன. ஆகஸ்டு, செப்டம்பரில் சைபீரியாவிலிருந்தும் வடகிழக்கு ஆசியாவிலிருந்தும் இறங்கி வரும் உள்ளான்களுக்கும் பச்சைக்காலிகளுக்கும் மூக்கன்களுக்கும் இதுதான் சாப்பாட்டு மேசை. அவற்றில் சில, உலகமெங்கும் சேர்த்து எண்ணினாலும் மிகச் சிலவே எஞ்சியுள்ள இனங்கள். நார்ட்மன் பச்சைக்காலி இந்தக் கரைக்கு வருகிறது. வில்லாக வளைந்த நீண்ட அலகுடைய தூரகிழக்குக் கோட்டானும் வருகிறது. ஆந்தையையும் நாம் கோட்டான் என்பதால் குழப்பம் வேண்டாம், இது சேற்றில் நடக்கும் பறவை. கரண்டி வடிவ அலகுடைய சிற்றுள்ளானும் அரிதாகத் தென்பட்டிருக்கிறது. இதனால்தான் பேர்ட்லைஃப் அமைப்பு இந்தக் கடலோரத்தை முக்கியப் பறவை வாழிடங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பட்டியலில் சேர்வது சட்டக் காப்பு ஆகாது. கண்டல் காட்டைக் கவனிக்க வனத்துறை உண்டு; காட்டுக்கு வெளியே, கடலுக்கு முன்னால் கிடக்கும் சேற்றுவெளியைப் பெரும்பாலும் யாரும் தம்முடையதாக எண்ணுவதில்லை.

இந்தப் பறவைகளுக்கு இரண்டு இடங்கள் வேண்டும். ஒன்று வற்றத்தில் மேய்வதற்கான சேறு. மற்றொன்றை மீட்புத் திட்டங்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன: ஏற்றத்தில் சேறு முழுவதும் மூழ்கிய பிறகு, நீர் இறங்கும் வரை சில மணி நேரம் நின்று இளைப்பாறும் இடம். அது திறந்த வெளியாக இருக்க வேண்டும். சுற்றிலும் உயர்ந்த மரம் நெருங்கியிருந்தால், வல்லூறு வருவது தெரியாது என்று பறவைகள் அங்கே இறங்குவதில்லை. நீர் இருந்தாலும் காலளவுக்கு மேல் போகக் கூடாது. இப்படிப்பட்ட இடம் பக்கத்தில் இல்லாவிட்டால் ஒவ்வோர் ஏற்றத்துக்கும் தொலைவிடம் பறந்து திரும்ப வேண்டும். மேய்ந்து சேர்த்த கொழுப்பு அந்தப் பறப்பிலேயே கரைந்துவிடும். 2022-இல் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாட்களில் கடந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. அது பிறந்து ஐந்து மாதமே ஆன குஞ்சு. நம் கரையில் இறங்குபவையும் இதே வலசைப் பாதையின் உறவினர்கள்தான். உடலில் சேர்த்த கொழுப்பை நம்பியே அவை திரும்பும் பயணத்தைத் தொடங்குகின்றன. ஒரு கிராம் குறைவதும் அவற்றுக்குப் பெரிது.

இனி இந்தக் கரை எப்படி மாறியது என்பதைச் சொல்ல வேண்டும். வடசிலாங்கூரின் தோட்டப்புறக் கதையும் இந்தச் சதுப்பின் கதையும் ஒன்றுதான். மலேசியாவில் செம்பனையை வணிகமாகப் பயிரிட்ட முதல் தோட்டம், பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் மூத்தவர்கள் இன்றும் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டம். ஆண்டு 1917, நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோகோனியே. தோட்டத்தின் பெயர் ஆவணங்களில் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டாலும், வாய்விட்டுப் படித்தால் அதில் நம் மொழிதான் கேட்கிறது. கடலோரக் களிமண்ணில் தென்னையோ ரப்பரோ செம்பனையோ வேரூன்ற வேண்டுமென்றால் முதலில் நீரை வடிக்க வேண்டும். கான் வெட்டினார்கள். கானிலிருந்து பெரிய வாய்க்கால், அதிலிருந்து மதகு. கடல் உள்ளே வராமல் தடுக்க நீண்ட மண்கரை. தமிழர், சீனர், ஜாவானியர் எல்லாரும் அந்தச் சேற்றில் நின்றவர்கள்தான். 1932-இல் வடிகால் நீர்ப்பாசனத் துறை உருவான பிறகு அரசே இந்த வேலையைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது. தஞ்சோங் காராங், சிகிஞ்சான் நெல்வயல்களும் அந்த முயற்சியின் தொடர்ச்சி. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அந்த மண்கரைக்குப் பின்னால்தான் பல தலைமுறைகள் உண்டு உறங்கி வாழ்ந்தன. ஆனால் மண்கரை எழுந்த நாளிலிருந்து அதன் உட்புறக் காடு ஓதத்தை இழந்தது என்பதும் உண்மை. உப்பும் நீரும் முறையாக வராத கண்டல் காடு மெல்ல மெல்லத் தரைக்காடாக மாறும். வெளிப்புறக் காடோ, ஒருபுறம் கடலும் மறுபுறம் மண்கரையுமாக நடுவே சிக்கிக்கொண்டது. கடல்மட்டம் உயர உயரக் கண்டல் காடு இயல்பாகப் பின்வாங்கி மேட்டுப் பக்கம் நகரும். இங்கே பின்வாங்க இடமில்லை.

கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா இதற்கு ஒரு விடையாக எழுந்தது. 1987-இல் மாநில அரசும் மலேசிய இயற்கைக் கழகமும் சேர்ந்து தொடங்கிய இந்தப் பூங்காவில், மண்கரைக்கு உட்புறம் சுமார் 10 ஹெக்டரில் உவர்நீர் ஏரி ஒன்று தோண்டப்பட்டது. ஏற்ற நேரத்தில் கடற்பறவைகள் வந்து நிற்பதற்கான இடம் அது. மதகு வழியே நீர்மட்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அந்த எண்ணம் மிகச் சரியானது என்பது என் கருத்து. அதே சமயம், அது தோண்டி முடித்ததும் முடிந்துவிடுகிற வேலை இல்லை. மதகு பழுதானால் நீர் ஆழமாகும். ஆழமானால் உள்ளான் நிற்காது. கரையோரம் புதர் வளர்ந்தால் திறந்த வெளி மூடிக்கொள்ளும். சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலம், நம் சிலாங்கூர் சுங்கை பூலோவோடு பெயர் மட்டுமே ஒத்தது, பழைய இறால் குளங்களைக் கொண்டு 1993-இல் திறக்கப்பட்டது. அங்கே மதகைத் திறப்பதும் அடைப்பதும் ஆண்டு முழுவதும் நடக்கும் வேலை. 2002-இல் சட்டப்படி காப்பகமாக அறிவிக்கப்பட்ட பிறகும் அது தொடர்கிறது. ஆங்காங்கின் மாய் போவிலும் பழைய இறால் குளங்களை முறை வைத்து வடித்துத்தான் பறவைகளுக்கு மேய்ச்சல் அமைத்துத் தருகிறார்கள். இரண்டு இடங்களிலும் பறவைகளைக் காப்பது, தண்ணீரை அளந்து விடும் கைகள்.

பறவையைக் கூண்டில் வளர்த்து விட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்குப் பால்நாரையின் கதை பதில். மலாய்க்காரர்கள் பூரோங் போத்தாக் உபே என்று அழைக்கும் இந்த வெண்ணிற நாரை 1980-களின் நடுவில் பேராக்கின் மாத்தாங் கண்டல் காட்டில் நூற்றுக்கும் மேல் இருந்தது. 2000-களில் அது பத்துக்கும் கீழே இறங்கியது. தேசிய விலங்குக் காட்சிசாலை 1987 முதல் அதை வளர்த்துப் பெருக்கியது. 1998-இல் கோலசிலாங்கூர் பூங்காவிலும், பின்னர் 2007 முதல் கோலகூலாவிலும் பறவைகளை வெளியே விட்டார்கள். அக்கறையோடு செய்த வேலை அது. ஆனால் கோலசிலாங்கூரில் தானே பெருகி நிலைக்கும் நாரைக் கூட்டம் உருவாகவில்லை. வேடந்தாங்கலில் நாம் காணும் சங்குவளை நாரை இந்த நாட்டுக்கு உரியதில்லை. காட்சிசாலையிலிருந்து சுதந்திரமாகப் பறந்த அந்த நாரைகளோடு பால்நாரை கலந்து கலப்புக் குஞ்சுகள் பொரிப்பதும் பதிவாகியிருக்கிறது. சொந்த இனத்துணை கிடைக்காத பறவைக்கு வேறு வழி என்ன? வாழிடம் சுருங்கிக் கிடக்கையில் பறவையின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் அது எங்கே போய் நிற்கும் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

இப்போது நாற்று நடுவதற்கு வருகிறேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஆசியக் கரைகள் எங்கும் கண்டல் நடும் இயக்கம் பரவியது. மலேசியாவும் 2005 முதல் லட்சக்கணக்கில் நட்டது. அந்த இயக்கத்தின் பலன்களை அளந்து பார்த்த நாடுகளில் இலங்கை முக்கியமானது. அங்கே 23 இடங்களில் 1,000 முதல் 1,200 ஹெக்டர் வரை நட்டதை ஆய்வாளர்கள் சென்று பார்த்தார்கள். 200 ஹெக்டரைச் சற்றே தாண்டிய பரப்பில்தான் கண்டல் நின்றிருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு செடிகூட உயிரோடு இல்லை. பிலிப்பைன்ஸிலும் பல பத்தாண்டுகளாகப் பெரும் பணம் செலவிட்டு நட்டவற்றில் பிழைத்தது பத்தில் ஒன்றோ இரண்டோ. காரணம் எளிது. நடுவதற்கு வசதியானது பாக்காவ் என்னும் கண்டல் வகை; அதன் காய் நீளமாக ஈட்டிபோல் இருக்கும், கையில் எடுத்துச் சேற்றில் குத்தினால் போதும். யாருக்கும் சொந்தமில்லாமல் சும்மா கிடக்கும் இடமோ கடலை ஒட்டிய தாழ்ந்த சேற்றுவெளி. அந்தச் செடியும் அந்த இடமும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. நாளில் பெரும்பகுதி மூழ்கிக் கிடக்கும் சேற்றில் பாக்காவ் மூச்சு முட்டிச் சாகிறது. அந்த விளிம்பில் தானாக முளைக்கும் தகுதி அப்பி-அப்பிக்கும் பெரெம்பாங் வகைகளுக்கும் உண்டு. அவையும் மண் போதிய அளவு உயர்ந்த பிறகே வரும்.

எதிர்ப்புறச் சான்று நம் தாய்த்தமிழ் நிலத்திலேயே இருக்கிறது. பிச்சாவரத்தில் ஆங்கிலேயர் காலத்தில் காட்டைப் பட்டைப் பட்டையாக முற்றிலும் வெட்டினார்கள். வெட்டிய மண் காய்ந்து தாழ்ந்து பள்ளமானது. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வெயிலில் வற்றி, உப்பு ஏறி, எந்த விதையும் முளைக்க முடியாத நிலம் ஆனது. மரம் வெட்டியதே அழிவுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தவர்கள், அழிவு தொடர்ந்ததற்குக் காரணம் தேங்கிய நீர் என்பதைப் பிறகு கண்டுகொண்டார்கள். 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டின: நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்ந்து இறங்கும் சிறு கிளைகள். ஓதம் உள்ளே ஏறி முழுவதும் வடிந்து திரும்பியது, உப்பு குறைந்தது. அதன் பிறகே அங்கே காடு திரும்பியது. முத்துப்பேட்டையிலும் அதே முறை பலன் தந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ராபின் லூயிஸ் என்ற அறிஞர் பல ஆண்டுகள் வலியுறுத்தியதும் இதையே. நில மட்டத்தையும் நீர்வழியையும் சரிசெய்தால் விதை தானே மிதந்து வரும் என்று சொல்லி, செய்தும் காட்டினார்.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கோலசிலாங்கூர் மாவட்டத்திலேயே, கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ராஜா மூசா கரிச்சதுப்புக் காட்டில், பழைய வாய்க்கால்கள் நீரை வடித்துவிட்டதால் ஆண்டுதோறும் தீப்பற்றியது. 2008 முதல் மாநில வனத்துறையும் உலகளாவிய சுற்றுச்சூழல் மையமும் அந்த வாய்க்கால்களைத் தடுப்புப் போட்டு அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தி வருகின்றன. பிச்சாவரத்தில் வெட்டினார்கள், ராஜா மூசாவில் அடைத்தார்கள். செய்கை நேரெதிர், கேட்ட கேள்வி ஒன்றே: இந்த நிலத்துக்கு உரிய நீர் எவ்வளவு, அது எப்போது வரவேண்டும், எப்போது போகவேண்டும்? இதைக் கேட்காமல் நாற்றுக் கணக்கை மட்டும் அறிக்கையில் எழுதுவது நிலத்தை மீட்பதாகாது.

கடற்சேற்றில் நடுவது தோற்றுப்போவதோடு நின்றால்கூடப் பணம்தான் நட்டம். அரிதாக வெற்றி பெற்றால் நட்டம் கூடுகிறது. மேய்ச்சல் சேறு மரத்தடியாக மாறிவிட்டால் உள்ளானுக்கும் கோட்டானுக்கும் அங்கே வேலையில்லை. அலகால் குத்தித் தேட அவற்றுக்குத் திறந்த சேறு வேண்டும். பசுமை கூடிவிட்டது என்று நாம் மகிழும் இடத்தில், அருகிவரும் ஒரு பறவை தன் உணவை இழந்திருக்கும். கண்டல் காட்டை நான் குறைத்துப் பேசவில்லை. இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் அது தொட்டில். கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்வதும் அந்தக் கரையின் ஈரச் சேற்றில் அவற்றின் புழுப்பருவம் நத்தையைத் தின்று வளர்வதால்தான். மரத்துக்கு உரிய இடத்தில் மரம் வேண்டும், சேற்றுக்கு உரிய இடம் சேறாகவே இருக்க வேண்டும்.

மறுப்புகளையும் பார்ப்போம். இங்கே இடமில்லை என்றால் பறவைகள் வேறு கரைக்குப் போகட்டுமே என்பது முதல் மறுப்பு. தென்கொரியாவின் சேமாங்கும் கழிமுகத்தில் 33 கிலோமீட்டர் நீளக் கடல்சுவர் 2006-இல் மூடப்பட்டபோதும் இதைத்தான் சொன்னார்கள். பெரிய நாட் என்ற உள்ளான் வகை அங்கே பெருங்கூட்டமாக இறங்கி வந்தது. சுவர் மூடிய பிறகு அந்த இடத்தில் மட்டும் சுமார் 90,000 பறவைகள் குறைந்தன. பக்கத்துக் கழிமுகங்களில் எண்ணியபோது அதற்கு ஈடான கூடுதல் இல்லை. அவை குளிர்காலத்தைக் கழிக்கும் ஆஸ்திரேலியக் கரையிலும் எண்ணிக்கை சரிந்தது. 2015-இல் அந்த இனம் அழியும் அபாயத்தில் உள்ளவற்றின் பட்டியலில் ஏறியது. மஞ்சள் கடலின் மேய்ச்சல் சேறு கடந்த ஐம்பது ஆண்டுகளில் பாதிக்கும் மேல் போய்விட்டது. எஞ்சியவற்றின் பகுதிகளை 2019-இல் சீனாவும் 2021-இல் தென்கொரியாவும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது அந்தப் பாடத்துக்குப் பிறகுதான். வேறு கரை என்று நாம் கைநீட்டும் திசையிலும் இடம் ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கிறது.

கடலரிப்பைத் தடுக்க மரம் வேண்டாமா என்பது இரண்டாவது. வேண்டும். மண்கரைக்கு முன்னால் இருந்த கண்டல் பட்டை தேய்ந்த இடங்களில் அலை நேரே மண்கரையில் மோதுகிறது; அங்கே காட்டைத் திரும்பக் கொண்டுவருவது நெல்வயலுக்கும் தோட்டத்துக்கும் பாதுகாப்பு. ஆனால் அலையை முதலில் தளர்த்துவது ஆழமற்ற சேற்றுவெளிதான், பிறகே மரம். சேறு அரித்துப்போன கரையில் மரமும் வேரோடு சாய்கிறது. ஆகவே சேறு படிய வழிசெய்வதே அங்கேயும் முதல் வேலை.

மூன்றாவது மறுப்புக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறேன், ஏனென்றால் அது நம் மக்களிடமிருந்து வருகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்படுகின்றன. லயத்து வீட்டிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் இன்னும் நிலையான கூரைக்காகக் காத்திருக்கின்றன. மனிதனுக்கே இடம் தராதவர்கள் பறவைக்குத் தருகிறார்களா என்ற கேள்வியில் நியாயமான வலி இருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பங்களின் இடத்தைப் பறவைகள் எடுத்துக்கொள்ளவில்லை. சேற்றுவெளியில் வீடு கட்ட முடியாது. இளைப்பாறும் இடத்துக்குத் தேவைப்படுவதும் சில ஹெக்டர்கள்தான். இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வடித்த களிமண் ஆண்டுக்காண்டு அமுங்கித் தாழ்கிறது. சில இடங்களில் மண்ணுக்கடியில் கந்தகம் கலந்த கனிமம் உண்டு; காற்றுப்பட்டால் அது அமிலமாகிச் செம்பனையையே வாட்டும். அதனால் இப்படிப்பட்ட மண்ணில் கானின் நீர்மட்டத்தை வேண்டுமென்றே உயர்த்தி வைப்பது பயிர் செய்வோர் அறிந்த முறை. நீரைப் பிடித்து வைப்பது தோட்டத்துக்கு எதிரான செயல் என்பது பழைய எண்ணம். கடலோரத்தின் மிகத் தாழ்ந்த, விளைச்சல் குறைந்த மூலைகளை மதகோடு கூடிய உவர்நீர்க் குளங்களாக மாற்றலாம். அங்கே நீரைக் கவனிக்கும் வேலையைத் தோட்டப்புற இளைஞர்களுக்கு ஊதியத்தோடு கொடுக்கலாம். கானையும் மதகையும் தலைமுறைகளாக அறிந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள்.

இது எவ்வளவு அவசரம் என்பதற்குக் காப்பார் சாட்சி. அங்குள்ள சுல்தான் சலாவுதீன் அப்துல் அஜீஸ் மின்நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் குளங்களில்தான் இந்தக் கரையின் அரிய பறவைகள் பல ஏற்ற நேரத்தில் வந்து நின்றிருக்கின்றன. சாம்பல் குளம் நல்ல இடம் என்பதால் அவை அங்கே போகவில்லை. திறந்தும் ஆழமில்லாமலும் ஆளரவமில்லாமலும் இருக்கும் வெளி வேறு எங்கும் கிடைக்கவில்லை. 2044-க்குள் நிலக்கரி மின்நிலையங்கள் அனைத்தையும் மூடுவதாக அரசு அறிவித்திருக்கிறது. அது நல்ல முடிவு, வரவேற்கிறேன். ஆனால் நிலையம் மூடி, குளத்தை மண் போட்டு நிரப்பும் நாளில் அங்கே நின்ற பறவைகளுக்கு மாற்று இடம் தயாராக இருக்க வேண்டும். ஒரு குளம் தோண்டி, மதகு பொருத்தி, பறவைகள் பழகிக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆகும். தொடங்க வேண்டிய காலம் இது. முதல் இடமும் கையிலேயே இருக்கிறது: கோலசிலாங்கூர் பூங்காவின் அந்த 10 ஹெக்டர் ஏரி. அதன் மதகைப் பழுது பார்த்து, கரைப் புதரைக் களைந்து, நீரைக் கணுக்காலளவுக்கு இறக்கி வைக்க வேண்டும். அதை ஜூலைக்குள் செய்ய வேண்டும், ஏனென்றால் வடக்கிலிருந்து முதல் கூட்டங்கள் ஆகஸ்டிலேயே வந்துவிடுகின்றன.